கீ மெசேஜில் இல்லாத கேள்வி

போன மாதம் ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அம்மாவின் தோழிக்கு மகள்; எம்.ஏ. தமிழ் கடைசி வருஷம். வகுப்பில் பாதிப் பேர் பி.எட்.டுக்கும் மீதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி.க்கும் கிளம்பிக்கொண்டிருக்க, இவளுக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லையாம். "அக்கா, நீங்க பாக்குற பி.ஆர். வேலைக்கு நான் வரலாமா?" என்று ஆரம்பித்தாள். (பி.ஆர். என்றால் மக்கள் தொடர்பு, நிறுவனங்களின் செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை.) சம்பளம் எவ்வளவு வரும், ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டுமா, ராத்திரி எத்தனை மணிக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போனை வைக்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுல பொய் சொல்லணுமாக்கா?" என்றாள். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை என்பது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய பதில் அது. அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலைத் தேடிக்கொண்டு வந்தவள் இல்லை. மதுரையில் எம்.ஏ. முடித்தபோது இப்படியொரு தொழில் இருப்பதே எனக்குத் தெரியாது. பத்திரிகையில் சேரும் ஆசையில் சென்னைக்கு வந்து, நாளிதழ் அலுவலகங்களில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், ஹாஸ்டலில் உடன் தங்கியிருந்த பெண் சொல்லித்தான் நுங்கம்பாக்கத்தில் ஒரு பி.ஆர். ஏஜென்சிக்குப் போனேன். "இங்கிலீஷ்ல வர்றதத் தமிழ்ல மாத்திக் கொடுக்கணும், அவ்வளவுதான்" என்றார்கள். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும், "கலெக்டர் ஆபீஸ்ல பி.ஆர்.ஓ. இருப்பாரே, அது மாதிரியா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். இல்லை என்றதும் குரல் இறங்கிவிட்டது. மாமாவுக்குத் தெரிந்த பி.ஆர்.ஓ. வேறு. தனியார் ஆஸ்பத்திரி வரவேற்பறை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், பெரிய டாக்டரிடம் சீக்கிரம் டோக்கன் வாங்கித் தருபவர். இன்றைக்கும் சொந்தத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மாமா முதலில் எனக்குத்தான் போன் போடுவார்.

இந்த இரண்டையும் விட்டால் நம் ஊருக்குத் தெரிந்த இன்னொரு பி.ஆர்.ஓ. சினிமாக்காரர். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் 'மக்கள் தொடர்பு' என்று ஒரு பெயர் இருக்குமே, அவர். அந்த வரிசையில் முதல் ஆளாகச் சொல்லப்படுபவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் வந்த எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஆரம்பித்தவர். பி.ஆர்.எஸ்.ஐ. என்கிற, மக்கள் தொடர்புக்காரர்களின் அகில இந்தியச் சங்கம் உருவானதும் அதே 1958இல்தான் என்பது தற்செயல். ஆனந்தன் 2016இல் மறையும்வரை தமிழ்ப் படங்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் படம் எந்த வருஷம், யார் இசை, யார் தயாரிப்பு என்று சினிமா நிருபருக்குச் சந்தேகம் வந்தால் போய் நிற்பது அவரிடம்தான். கேட்டால் சரியான தகவல் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அவருடைய மூலதனம். எங்கள் தொழிலுக்கு ஒரு முன்னோடியைக் காட்டு என்றால், பாடப்புத்தகத்தில் வரும் அமெரிக்கப் பெயர்களுக்கு முன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். அமெரிக்கர்களுக்கும் வருகிறேன்.

இடமிருந்து வலம்

ஏஜென்சியில் தமிழ் மேசையின் வேலை மாலை நான்கு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். மும்பையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆங்கிலத்தில் பிரஸ் ரிலீஸ், அதாவது பத்திரிகைகளுக்கான செய்திக்குறிப்பு, வந்து சேரும். அதில் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் கிளையன்ட் (எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம்), சட்டப் பிரிவு, எங்கள் ஆட்கள் என்று நாள்கணக்கில் மெயில் போய் வந்திருக்கும். தமிழுக்கு ஒரு மணி நேரம். மாவட்டப் பதிப்புகளின் பக்கங்கள் சாயங்காலமே முடியத் தொடங்கிவிடும் என்பது மும்பைக்குத் தெரியாது, தெரிந்தாலும் பெரிதாகக் கவலை இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் சேர்த்து அவர்கள் கணக்கில் ஒரே பெட்டி: 'வெர்னாகுலர்', அதாவது வட்டார மொழி. மாற்றி முடித்ததை பி.டி.எஃப். ஆக அனுப்பினால் நிருபர் அதிலிருந்து நகலெடுக்கும்போது தமிழ் எழுத்து உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதனால் யூனிகோடில் தட்டி, மெயிலிலேயே ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "வந்துச்சாங்க சார்?" என்று கேட்க வேண்டும். இந்த 'வந்துச்சா' போன்தான் நிருபர்களுக்கு எங்கள் மேல் இருக்கும் முக்கால்வாசிக் கோபத்துக்குக் காரணம். நியாயமான கோபம்.

ரிலீஸில் என்ன இருக்கும்? முதல் பத்தியில் அந்த நிறுவனம் முன்னணி நிறுவனமாக இருக்கும், பெருமிதம் கொள்ளும். இரண்டாம் பத்தியில் தொழில்நுட்பம். மூன்றாம் பத்தியில் நிர்வாக இயக்குநர் ஏதாவது கூறுவார். அவர் கூறுவதை எழுதுவது எங்கள் ஆள். சேர்ந்த புதிதில் நான் தமிழில் எழுதிய ஒரு நீளமான வாக்கியம், ஓர் இயக்குநர் 'நெகிழ்ச்சியுடன் கூறினார்' என்று மறுநாள் பல நாளிதழ்களில் எழுத்து மாறாமல் வந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. நெகிழ்ச்சியும் நான் சேர்த்ததுதான்.

உண்மையான சண்டை நடக்கும் இடம் படவிளக்கம். குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள். 'இடமிருந்து வலம்' என்று எழுதி எட்டுப் பேரின் பெயரும் பதவியும் போட வேண்டும். துணைத் தலைவர் கடைசியில் நின்றிருந்தால் அவர் பெயர் கடைசியில்தான் வரும், வேறு வழியில்லை. ஆனால் அவருடைய உதவியாளர் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, 'வலமிருந்து இடம்' என்று போட முடியாதா என்று கேட்பார். நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். நான் போட்டும் இருக்கிறேன். நாளிதழில் அதை மறுபடி இடமிருந்து வலமாக மாற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இப்படியே இருந்திருந்தால் கொஞ்ச காலத்தில் வேறு வேலைக்குப் போயிருப்பேன். எழுத்து வேலை என்று நம்பி வந்தவளுக்கு இதில் எழுத்தும் இல்லை, படிக்கிற ஆளும் கண்ணில் படவில்லை. ஐம்பது அறுபது நிருபர்களின் எண்கள் அடங்கிய ஓர் எக்செல் பட்டியலும், அதற்கு மேல் கிளையன்ட்டும்தான் என் உலகம்.

மேலும் விவரங்களுக்கு

சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். குழந்தைகளின் இதய நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். ஆங்கில ரிலீஸ் இரண்டு பக்கம். எந்த நாட்டு இயந்திரம், எத்தனை விருது, தலைவரின் தொலைநோக்கு என்று எல்லாம் இருந்தது. வழக்கம்போல் மாற்றி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு நிருபர் கூப்பிட்டார். நிருபர் எங்களைக் கூப்பிடுவது அபூர்வம், வழக்கமாக நாங்கள்தான் கூப்பிட வேண்டும். "மேடம், மிஷின் கதையெல்லாம் சரி. எங்க ஊர்க்காரன் இதப் படிச்சுட்டு என்ன செய்யணும்? முதலமைச்சர் காப்பீட்டுல இது வருமா வராதா? அதச் சொல்லுங்க, போட்டுருதேன். இல்லன்னா இது வெறும் விளம்பரம்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ரிலீஸில் இல்லை. எங்கள் ஏஜென்சியில் அந்தக் கிளையன்ட்டைக் கவனிக்கும் அக்கவுன்ட் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "அது கீ மெசேஜ்ல இல்லையே" என்றார். வெளியே தெரிய வேண்டும் என்று கிளையன்ட் விரும்பும் மூன்று நான்கு விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைப்போம், அதுதான் கீ மெசேஜ். அதில் இல்லாதது எங்களுக்கும் இல்லை. ஆஸ்பத்திரியின் மார்க்கெட்டிங் தலைவரோ மீட்டிங்கில் இருந்தார், அப்புறமும் மீட்டிங்கிலேயே இருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கே போன் செய்து, ஒரு நோயாளியின் வீட்டுக்காரர் எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டு, தரைத் தளத்தில் காப்பீட்டு மேசையில் இருந்த ஒரு அம்மாவைப் பிடித்தேன். அவருக்கு எல்லாம் விரல் நுனியில் இருந்தது. சில அறுவை சிகிச்சைகள் திட்டத்தில் வரும், சில வராது. ரேஷன் கார்டு வேண்டும், வருமானச் சான்று வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அவரவர் மாவட்ட கலெக்டர் அலுவலகத்தில் பதிந்துகொண்டு வர வேண்டும். ஐந்தே நிமிஷம். இரண்டு பக்க ரிலீஸில் இல்லாத செய்தி அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தது. மார்க்கெட்டிங் தலைவருக்கு ஒரு மெசேஜ் போட்டு, அவர் மீட்டிங்கிலிருந்தே அனுப்பிய கட்டை விரலை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, நான்கு வரி எழுதி அந்த நிருபருக்கு அனுப்பினேன்.

மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்தில் செய்தி வந்தது. கூடவே ஒன்று நடந்தது. ரிலீஸின் அடியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று என் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும், நிருபர்களுக்காக. பக்கம் போட்டவர் அதையும் சேர்த்தே போட்டுவிட்டார்.

காலை ஆறரை மணிக்கு முதல் போன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துத் தாத்தா. "தாயி, பேப்பர்ல போட்டுருக்கீயளே, அந்த டாக்டரம்மாதானா?" என்றார். பேத்திக்கு இரண்டரை வயது. மூச்சிரைக்கிறது, பாளையங்கோட்டையில் பார்த்ததில் இதயத்தில் ஓட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. காப்பீட்டு அட்டையில் மகன் பெயர் இருக்கிறது, பேத்தி பெயர் இல்லை, அது பரவாயில்லையா? ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தால் போதுமா? கூட எத்தனை பேர் தங்கலாம்? கோயம்பேட்டில் இறங்கி எந்த பஸ் பிடிக்க வேண்டும்? (அப்போது தென்மாவட்ட பஸ்களெல்லாம் கோயம்பேட்டுக்குத்தான் வரும்.) ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன் தாத்தா" என்று எழுதிக்கொண்டேன். வைத்தவுடன் அடுத்த போன். மதியத்துக்குள் ஒரு நோட்டின் பக்கங்கள் நிரம்பிவிட்டன. ஏறக்குறைய எல்லோரும் கேட்டவை அதே ஏழெட்டுக் கேள்விகள்தான். இயந்திரம் எந்த நாட்டுடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போய், காப்பீட்டு மேசை அம்மாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஒவ்வொருவராகத் திருப்பிக் கூப்பிட்டேன். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரை முதலில் சேர்த்துவிட்டு வரச் சொல்லித் தாத்தாவிடம் சொன்னபோது, "இத முன்னாலயே பேப்பர்ல போட்டா என்ன, ஒரு நடை மிச்சமாகும்லா" என்றார். இந்தத் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

ஆபீஸில் மேனேஜர், "நீ என்ன கால் சென்டரா நடத்துற?" என்று சத்தம் போட்டார். எங்கள் இயக்குநர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மெச்சிப் பேசுகிற ஆள் இல்லை அவர். "இந்தக் கேள்வியெல்லாம் வகைப்படுத்தி டைப் பண்ணி கிளையன்ட்டுக்கு அனுப்பு. அடுத்த மாசத்துலேர்ந்து இதுக்கும் பில் போடலாம்" என்றார். எனக்கு என் வேலை என்னவென்று விளங்கியது அந்த நிமிஷத்தில்தான். கிளையன்ட் சொல்வதை வெளியே கொண்டுபோவது வேலையில் ஒரு பாதி. வெளியே இருப்பவர் கேட்பதை உள்ளே கொண்டுபோய், பதில் வருகிறவரை விடாமல் நிற்பது மறுபாதி. கஷ்டமான பாதியும் அதுதான். எம்.ஏ.வில் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. படிப்பவனுக்கு இந்த இடத்தில் என்ன ஐயம் வரும் என்று தானே கேட்டு, தானே விடை சொல்லிக்கொண்டு போவார்களே, அந்தப் பழக்கம் எங்கள் மேசையில் நன்றாகவே செல்லுபடியாகிறது.

சென்டிமீட்டர் கணக்கு

மாதக் கடைசியில் கிளையன்ட்டுக்கு அறிக்கை போகும். வந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி, ஒவ்வொன்றும் எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்கிப் போடுவார்கள். ஏ.வி.இ. என்பார்கள். இப்படி அளக்கக் கூடாது என்று 2010இலேயே பார்சிலோனாவில் கூடி, பல நாட்டு பி.ஆர். அமைப்புகள் சேர்ந்து கொள்கை எழுதிவிட்டன. கிளையன்ட்கள் இன்றும் கேட்கிறார்கள், நாங்களும் அளந்து கொடுக்கிறோம். அந்த மாத அறிக்கையில் ஆங்கில இணைப்பிதழ் ஒன்றில் தலைவரின் வண்ணப் படத்தோடு வந்த அரைப் பக்கப் பேட்டி முதல் வரிசையில் இருந்தது. திருநெல்வேலிப் பதிப்பின் விளம்பரக் கட்டணம் குறைவு, எனவே அந்தச் செய்தி கடைசி வரிசை. பேட்டியைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டவர் யாராவது உண்டா என்று அந்தக் காப்பீட்டு மேசை அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "எந்தப் பேட்டி?" என்றார்.

விடுபட்ட வரி

சரி, பொய் விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய கேள்விப் பட்டியலை ஆஸ்பத்திரி நன்றாகவே எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்த தமிழ் ரிலீஸ்களில் காப்பீடு பற்றி, தேவையான ஆவணங்கள் பற்றி வரிகள் வந்தன. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை: காப்பீட்டில் வராதவர்களுக்குச் செலவு எவ்வளவு? தோராயமாகவாவது? "அது மட்டும் வேண்டாம்" என்றார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மாறும்தான், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குள் மாறும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த வரி வரவே இல்லை. கேட்ட நிருபர்களிடம், "அதை ரிலீஸில் தரவில்லை, நேரடியாக ஆஸ்பத்திரியிடமே கேளுங்கள்" என்றேன். இத்தனை வருஷத்தில் பொய் எழுதச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லாத கிளையன்ட் ஒருவர்கூட இல்லை. ஊர்ப் பெண்ணுக்கு நான் முழுதாகச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இந்தத் தொழிலின் பிதாமகர் என்று சொல்லப்படும் ஐவி லீயின் கதையிலேயே இரண்டும் இருக்கிறது. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் ரயில் கம்பெனிகளின் அன்றைய வழக்கம். லீ தாமே அறிக்கை வெளியிட்டு, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவைத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று பலரும் காட்டுவது அந்த அறிக்கையைத்தான். அதே லீ 1914இல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் செத்த பிறகு, அங்கே சுரங்கக் கம்பெனி வைத்திருந்த ராக்பெல்லருக்கு வேலை பார்த்தார். சுரங்க முதலாளிகள் கொடுத்த தகவல்களை அப்படியே துண்டறிக்கைகளாக அச்சடித்து நாடு முழுக்க அனுப்பினார். அதில் பல தவறு என்று பிறகு தெரிந்தது. விசாரணைக் குழு கேட்டபோது, தாம் எதையும் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். முதலாவதில் அவர் வெளியே நின்றவர்களின் கேள்வியை உள்ளே கொண்டுபோனார், இரண்டாவதில் உள்ளே இருந்தவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளே இரண்டு விதமாகவும் வேலை பார்த்திருக்கிறார் என்றால், இந்தத் தொழில் நல்லதா கெட்டதா என்று ஒட்டுமொத்தமாகத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2015இன் மேகி நூடுல்ஸ் விவகாரம். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் அளவுக்கு மேல் ஈயம் என்ற செய்தி மே மாதம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஜூன் 4இல் தமிழ்நாட்டில் மூன்று மாதத் தடை, மறுநாள் நாடு முழுவதும் தடை. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லேயின் உலகத் தலைவர் டெல்லிக்கு வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்ததும் அந்த ஜூன் 5இல்தான். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. சட்டப்படி அவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்த மே மாதத்தில் வீடுகளில் இருந்தது ஒரே கேள்வி: அலமாரியில் இருக்கிற பாக்கெட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? நிறுவனம் பரிசோதனை முடிவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குக் கேட்ட பாஷையில் பதில் சொல்ல ஓர் ஆள் முன்னால் வரவில்லை. அன்று அந்த நிறுவனத்தின் மீட்டிங் அறைக்குள் யாராவது இதைச் சொல்லிப் பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எங்கள் தொழிலில் அப்படிச் சொல்லிப் பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்கிறவர்கள்தான் குறைவு.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: தமிழ் மேசைக்குச் சம்பளம் ஆங்கில மேசையைவிடக் குறைவு. ஒரே ஏஜென்சி, ஒரே அனுபவம், ஒரே கிளையன்ட் என்றாலும் குறைவுதான். மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியில் சேர்ந்தால் அதிலேயே வைத்திருப்பார்கள். கிளையன்ட் மீட்டிங்குக்கு நாமாகக் கேட்டுப் போக வேண்டும். போனால் ஆங்கிலத்தில் திக்கினாலும் பரவாயில்லை, அந்த அறையில் இருக்கிற மற்றவர்கள் யாரும் தென்காசிக்காரர் ஒருவரிடம் சமீபத்தில் பேசியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஏஜென்சியில் இப்போது ஒரு விதி உண்டு. ஊழியர்களின் கைபேசி எண் 'பத்திரிகையாளர் தொடர்புக்கு மட்டும், பிரசுரத்துக்கு அல்ல' என்ற குறிப்போடுதான் போகும். அதனடியில் இன்னொரு வரியையும் நான் சேர்த்திருக்கிறேன்: பிரசுரிக்க வேண்டிய எண், கிளையன்ட்டின் சொந்த எண், எடுத்துப் பேச ஆள் இருக்கிற எண். ரிலீஸ் போவதற்கு முந்தின நாள் அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டுப் பார்ப்பேன். தமிழில் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் தமிழ் ரிலீஸ் கிளம்பாது. இதில் சில கிளையன்ட்களோடு இழுபறி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு கம்பெனி போன வாரம்தான் எண் கொடுத்தது. கூப்பிட்டேன், இந்தியில் பேச ஒன்றை அழுத்தச் சொன்னது, ஆங்கிலத்துக்கு இரண்டு. அவர்களுடைய ரிலீஸ் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.